1:350 டைட்டானிக்: சன்போர்டு உடல் முதல் புகைபோக்கி வரை

கிட் (ரெடிமேட் பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்காமல், சென்னைக் கடைகளில் கிடைக்கும் பொருளை வைத்தே 1:350 அளவில் கட்டப்படும் டைட்டானிக் கப்பல் மாடல் இது. உடல் முடிந்து சர்ஃபேஸர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) ஏறிவிட்டது. நாலு புகைபோக்கியும் தயார். படகுகள் பாதி வார்த்தாயிற்று. மேல்தளச் சாமான்களும் கம்பி வேலையும் பாக்கி.

முதலில் அளவு. நிஜக் கப்பலின் நீளம் 882 அடி 9 அங்குலம், அதாவது 269 மீட்டர் சொச்சம். 350-ஆல் வகுத்தால் 769 மி.மீ. அகலம் 92 அடி 6 அங்குலம், மாடலில் 80.5 மி.மீ. தண்ணீருக்குள் இருப்பது 34 அடி 7 அங்குலம், அது 30 மி.மீ. கீலிலிருந்து, அதாவது கப்பலின் அடிமுதுகிலிருந்து, புகைபோக்கி உச்சி வரை 175 அடி, மாடலில் 152 மி.மீ. 1:200-இல் கட்டினால் நுணுக்கம் நன்றாக வரும்தான், ஆனால் நீளம் 134 செ.மீ. ஆகிவிடும். ஆட்டோவில் குறுக்கே வைக்க முடியாது, ஃபிளாட் ஷோகேஸிலும் அடங்காது. 77 செ.மீ. ஒரு ஆள் கையில் தூக்கிப் போகிற அளவு.

போர்க்கப்பல் மாடலில் பீரங்கி, கோபுரம் என்று கண்ணை இழுக்க ஆயிரம் உண்டு. உடலில் சின்னக் கோணல் இருந்தால் அதில் மறைந்துவிடும். பயணிகள் கப்பலில் அந்தச் சலுகை கிடையாது. கறுப்பு உடல், வெள்ளை மேல்கட்டு, இடையே மெல்லிய மஞ்சள் கோடு, வரிசை வரிசையாக ஜன்னல். ஒரு வரிசை அரை மில்லி இறங்கினாலும் மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்கே தெரியும். அதனால் கிரேன், வின்ச், பெஞ்ச் எல்லாம் பிறகு. முதலில் கோடுகள்.

எந்தக் கப்பல் என்பதையும் துளை போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். டைட்டானிக்கும் அதன் அக்கா ஒலிம்பிக்கும் ஒரே வரைபடத்தில் பிறந்தவை. இணையத்தில் டைட்டானிக் என்று சுற்றும் பழைய படங்களில் பல ஒலிம்பிக்குடையவை. தளங்களுக்கு மேலிருந்து கீழாக ஏ, பி, சி என்று பெயர். ஏ தளத்து நடைபாதையின் முன்பாதி கண்ணாடி போட்டு மூடியிருந்தால் டைட்டானிக். கடைசி வரை திறந்திருந்தால் ஒலிம்பிக். பி தளத்து ஜன்னல்கள் சீரற்ற இடைவெளியில் இருந்தால் டைட்டானிக், சீராக இருந்தால் 1911-இன் ஒலிம்பிக். முன்பகுதியில் சி தளத்து வட்ட ஜன்னல்களை இடது பக்கம் எண்ணினால் டைட்டானிக்குக்கு 16, தொடக்ககால ஒலிம்பிக்குக்கு 14.

1997 படத்தை ஓடிடியில் நிறுத்தி நிறுத்தி அளவெடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெக்சிகோவின் ரொசாரிட்டோவில் போட்ட அந்த செட்டில் கப்பலின் வலது பக்கம் மட்டும்தான் முழுமையாகக் கட்டப்பட்டது. கப்பல் புறப்பட்ட சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் அது நின்றதோ இடது பக்கத்தைக் கரைக்குக் கொடுத்து. ஆகவே அந்தத் துறைமுகக் காட்சிகளை எடுத்து இடவலம் திருப்பிப் போட்டார்கள். எழுத்துப் பலகைகளைக்கூட இடவலம் மாறிய எழுத்தில் செய்து வைத்துத்தான் படம்பிடித்தார்கள். கயிறு எப்படித் தொங்குகிறது, வண்ணம் எந்த வெளிச்சத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கப் படம் உதவும். எந்த ஜன்னல் எங்கே என்பதற்கு உதவாது.

உடலுக்கு எடுத்தது 5 மி.மீ. சன்போர்டு, போர்டு எழுதும் கடைகளில் கிடைக்கும் அதே பிவிசி ஃபோம் ஷீட். மரத்தைவிட இதை விரும்பக் காரணம் காற்றின் ஈரம். ஐப்பசி கார்த்திகையில் ஊதி, சித்திரை வைகாசியில் சுருங்கும் மரத்தில் பட்டி (பள்ளம் அடைக்கும் பூச்சு) வெடித்துக் கோடு விடும்; சன்போர்டு ஈரம் குடிக்காது. 5 மி.மீ. என்று விற்பது வெர்னியர் அளவுகோலில் 4.7 காட்டுவது சகஜம். ஆறு அடுக்கு சேர்த்தால் 28 சொச்சம்தான் வரும், ஆகவே நடுவில் ஒரு 2 மி.மீ. ஷீட் சேர்த்து, மேல்புறத்தைத் தேய்த்து 30-க்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால் அடுக்கு முடியும் இடமே நீர்க்கோடு. சிவப்பும் கறுப்பும் சந்திக்கும் இடத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. மேலே ஒவ்வொரு தளத்துக்கும் சுமார் 9 அடி, 7.8 மி.மீ.; ஒரு 5, ஒரு 3 ஒட்டினால் ஏறத்தாழ வந்துவிடும். ஒவ்வொரு தளத்தையும் ஒட்டியதும் கீலிலிருந்து அளக்க வேண்டும், கீழ்த் தளத்திலிருந்து அல்ல. இல்லாவிட்டால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும்.

ஒட்டுவதில்தான் பலர் சறுக்குவது. வெள்ளைப் பசை மரத்துக்கு நல்லது, இங்கே ஆகாது: இரண்டு பக்கமும் ஈரம் உறிஞ்சாத ஷீட் என்பதால் ஓரம் காய்ந்து நடுப்பகுதி வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும், உளி பட்டதும் அடுக்கு பிளக்கும். பைப் ஒட்டும் சொல்யூஷன் பிவிசியைக் கரைத்து ஒட்டுவது. கொஞ்சம் அதிகமானால் ஃபோமின் காற்றறைகள் அமுங்கிப் பள்ளம் விழும். மெதுவாக இறுகும் இரட்டைக் குழாய் அரால்டைட்டைச் சம அளவு கலந்து, பழைய விசிட்டிங் கார்டால் இழுத்து மெல்லியதாகப் பரப்பி, மேலே கிரானைட் துண்டு ஏற்றி ஒரு ராத்திரி விட்டால் போதும். கிரானைட், சமையல் மேடை போடுகிறவர்கள் வெட்டிப்போட்ட மிச்சம். தேடினால் சும்மாவே தருவார்கள். 77 செ.மீ.க்குக் குறையாமல் ஒன்றை வாங்கி வைத்தால் கப்பலைச் சமமாக நிறுத்தி அளக்கவும் அதுவே தளம்.

செதுக்குவதற்கு முன், உடலின் குறுக்குவெட்டு வார்ப்புருக்களை அட்டையில் வெட்டிக்கொள்ள வேண்டும். நடுப்பகுதி நெடுநீளத்துக்கு ஒரே வடிவம். அங்கே இரண்டு வார்ப்புரு போதும். இரண்டு முனைகளிலும் 25 மி.மீ.க்கு ஒன்று. டைட்டானிக்கின் முன்முனை கிட்டத்தட்ட செங்குத்து. இக்காலச் சொகுசுக் கப்பல்களைப் பார்த்துப் பழகிய கை தானாகவே அதை முன்னால் சாய்த்துவிடும். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே அரம் போட வேண்டும். பின்முனையில் இரண்டு பக்கத்து புரொப்பெல்லர் தண்டுகளை மூடியிருக்கும் புடைப்பைத் தனியாகச் செய்து ஒட்டி, சேரும் இடத்தை எம்-சீலால் வளைவாக நிரப்புவது எளிது.

தளங்கள் நடுவில் தட்டையாகவும் இரு முனையை நோக்கி மெல்ல உயர்ந்தும் போகும். நீர்க்கோடு மட்டும் நேர்க்கோடு. இந்த ஏற்றத்தைக் கையால் வரையக்கூடாது. இரண்டடி ஸ்டீல் ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி மூன்று நான்கு இடத்தில் குண்டூசியால் தாங்கி வளைத்தால், ஸ்கேல் தானாக எடுக்கும் வளைவுதான் கண்ணுக்கு இதமான கோடு.

அடுத்து பட்டி. வண்டி டிங்கரிங் கடையில் பார்க்கும் பட்டியில் இரண்டு வகை. ஹார்டனர் கலக்கும் பாலியெஸ்டர் பேஸ்ட் பள்ளம் நிரப்ப; குழாயில் வரும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி ஊசித்துளை அடைக்க மட்டும். என்சியைத் தடிமனாகப் போட்டால் தின்னர் ஆவியாகும் வரை நாள்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டுப் பெயிண்ட் அடித்தால் அடுக்குக் கோடெல்லாம் மறுபடி மேலே வந்து நிற்கும். பாலியெஸ்டருக்கு ஹார்டனர் 2 சதவீதம் என்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் அந்த அளவு போட்டால் இழுத்து முடிப்பதற்குள் கல்லாகிவிடும், 1 சதவீதம் போதும். அதற்கும் குறைத்தால் பிசுபிசுப்பு போகாது. எடையைக் குறைக்க உள்ளே தெர்மாகோல் வைக்கிறவர்கள் அதை முழுக்க மூடிவிட வேண்டும்: பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்று உள்ளே குகை பண்ணிவிடும்.

தேய்க்க 120 உப்புத்தாளில் தொடங்கி, 220, பிறகு வாட்டர் பேப்பர் 400. தாளை விரலில் பிடிக்காமல் ஓரடி நீளத் தட்டைக் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும். தேய்க்கும் முன் கறுப்பு ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து தூவலாக அடித்துவிட்டால், தேய்த்த பிறகும் கறுப்பு தங்கும் இடமெல்லாம் பள்ளம் என்று அர்த்தம். பக்கவாட்டில் டார்ச் பிடித்துப் பார்ப்பது அடுத்த சோதனை.

உடல் தகடுகள் தெரிய வேண்டுமா என்பது ரசனை. தெரிய வேண்டுமானால் கணக்கு இது: நிஜத் தகடு சுமார் 30 அடிக்கு 6 அடி, மாடலில் 26 மி.மீ.க்கு 5.2 மி.மீ. தடிமன் ஓர் அங்குலம் என்றால் மாடலில் 0.07 மி.மீ. சாதாரண ஏ4 பேப்பர் 0.1 மி.மீ.; அதுவே கொஞ்சம் அதிகம். 300 ஜிஎஸ்எம் கார்டு ஒட்டினால் தகடு அரையடிக்குக் கொஞ்சம் குறைந்த தடிமனில் கோட்டைச் சுவராகிவிடும். பேப்பரின் இரண்டு பக்கமும் சேண்டிங் சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்துக் காயவைத்து, பிறகு வெட்டினால் ஓரம் பிசிறாது, பசை பட்டு ஊதவும் செய்யாது. ரிவெட் தலை இந்த அளவில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. விட்டுவிடலாம்.

வட்ட ஜன்னலுக்கு 0.8, 1.0 மி.மீ. துளை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிசிபி (மின்சுற்றுப் பலகை) துளை போட விற்கும் பிட்களே இவை. கார்பைடு பிட் கைத்துளைப்பானில் லேசாகச் சாய்ந்தாலே ஒடியும். சாதாரண ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் வளைந்து கொடுக்கும். வரிசைக்கு ஒரு மாஸ்கிங் டேப், அதன் மேல்விளிம்புதான் கோடு. ஊசியால் குத்தி, 0.5-ஆல் வழிகாட்டித் துளை, பிறகு 0.8. சர்ஃபேஸர் ஏறி இறுகிய பிறகுதான் துளைக்க வேண்டும். முன்பே துளைத்தால் ஃபோமின் காற்றறை கிழிந்து வாய் கோணும். பெயிண்ட் படலமும் துளையை அடைக்கும்.

விளக்கு போடுகிறவர்கள் இந்தக் கட்டத்துக்கு முன்பே உள்ளே குடைந்திருக்க வேண்டும். வார்ம் ஒயிட் எல்இடி மூன்றைத் தொடராக இணைத்து 150 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 12 வோல்ட்டில் 16 மில்லி ஆம்பியர் ஓடும், சூடாகாது. சன்போர்டு வெளிச்சத்தைக் கசிய விடும். உட்புறம் அலுமினிய டேப் ஒட்டாவிட்டால் ஜன்னல் மட்டுமல்ல, கப்பலே டியூப்லைட் மாதிரி எரியும்.

பெயிண்டுக்கு நேரம் பார்க்க வேண்டும். மழைக்கால ஈரத்தில் என்சி கறுப்பு அடித்தால் பால் தெளித்தாற்போல் வெள்ளை பூக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன் மேல் படிவதுதான் காரணம். ரிடார்டர் தின்னர் (மெதுவாக ஆவியாகும் ரகம்) 10 சதவீதம் வரை கலந்தால் குறையும். பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் அடித்தால் இன்னும் நல்லது. ஆனால் மே மாத வெயிலில் இதே நேரத்தில் அடித்தால் துளி காற்றிலேயே காய்ந்து சொரசொரவென்று விழும். அப்போது காலை எட்டுக்குள் முடித்துவிட வேண்டும். சிவப்பு முதலில், கறுப்பு பிறகு, வெள்ளை தனியாக. கறுப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளை கலந்து மங்கலாக்கினால்தான் பெரிய கப்பலின் தோற்றம் வரும். பளபளக்கும் கறுப்பு பொம்மைக் கப்பல்.

புகைபோக்கிகள் வட்டமல்ல, நீள்வட்டம்: 24 அடி 6 அங்குலத்துக்கு 19 அடி. மாடலில் 21.3-க்கு 16.5 மி.மீ. இந்த நீள்வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 59.6 மி.மீ.; 19 மி.மீ. வெளிவிட்டம் உள்ள குழாயின் சுற்றளவும் அதேதான். எலக்ட்ரீஷியன் சொல்லும் முக்கால் இன்ச் பைப்பில் மெல்லிய ரகத்தை வெர்னியரோடு போய் எடுக்க வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கொதிநீரில் முக்கி எடுத்து, 16.5 மி.மீ. இடைவெளி விட்ட இரண்டு கட்டைகளுக்கு நடுவே அழுத்தி, பச்சைத் தண்ணீரில் குளிர்வித்தால் வடிவம் நிற்கும். மேல்வாயை உட்புறமாக வட்ட அரத்தால் சரித்து விளிம்பை மெலியச் செய்யாவிட்டால் புகைபோக்கி கழிவுநீர்க் குழாயாகத்தான் தெரியும். சாய்வு அடிக்கு இரண்டு அங்குலம், அதாவது ஒன்பதரை டிகிரி. நாலையும் ஒரே மரச்சாய்வில் வைத்து அறுக்க வேண்டும். ஒன்று ஒரு டிகிரி விலகினாலும் முழுக் கப்பலும் கெட்டது. நாலாவது உலைப் புகைக்கு அல்ல, காற்றோட்டத்துக்கு. அதன் பக்கத்து நீராவிக் குழாய்களை முதல் மூன்றைப் போலவே போட்டுவிடக்கூடாது.

பைப்புக்குப் பதிலாக பாப்கார்ன் டப்பா அட்டையைச் சுருட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உள்பக்கம் பாலித்தீன் பூச்சு இருந்தால் பசையும் பிடிக்காது, பெயிண்டும் உரியும். பூச்சு இல்லாத பக்கத்தை வெளியே வைத்துச் சுருட்டினாலும், ஒட்டும் மடிப்பில் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாக வேண்டும். பைப் சுலபம்.

புகைபோக்கியின் நிறம் தீராத சண்டை. கறுப்பு வெள்ளைப் படங்களிலிருந்து அதைச் சொல்ல முடியாது. சந்தனத்துக்கும் காவிக்கும் நடுவே ஒரு மங்கல் நிறம். மஞ்சள் ஆக்கர் 6, வெள்ளை 3, ரெட் ஆக்சைடு 1 என்ற கலவை வெயிலிலும் டியூப்லைட்டிலும் ஒத்துப்போகிறது.

படகுகள் 20: பெரியவை 14 (30 அடி, மாடலில் 26 மி.மீ.), அவசரப் படகு 2, மடக்குப் படகு 4. ஒன்றைச் செதுக்கி சிலிக்கான் அச்செடுத்து வார்ப்பதே வழி. பாலியூரிதேன் ரெசின் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து வாயு விடுவதால் இந்த ஊரில் வார்ப்பெல்லாம் குமிழ் குமிழாக வரும். எப்பாக்ஸி மெதுவாக இறுகினாலும் சுத்தமாக வருகிறது.

கைப்பிடிக் கம்பிகளுக்கும் ஏரியல் கம்பிக்கும் மோட்டார் காயில் கட்டும் கடையின் 42 கேஜ் செம்புக் கம்பி (0.1 மி.மீ.) வாங்கியாயிற்று. சுருளிலிருந்து எடுத்ததும் ஒரு முனையை வைஸில் பிடித்து மறுமுனையை மெல்ல இழுத்தால் நேராகும், நேரானதை மறுபடி சுற்றி வைக்கக்கூடாது. தங்கூசி நரம்பு மலிவுதான், பெயிண்ட் பிடிக்காது. இதெல்லாம் கண்ணாடிப் பெட்டி வந்த பிறகே ஏறும். கம்பியில் ஒருமுறை தூசு படிந்தால் துடைக்கும் பிரஷ்ஷே அதை அறுத்துவிடும்.