விடிகாலைப் புகையும் நம்ம ஊர் வழக்கங்களும்

தை கடைசியில் வாடைக்காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும். மலைச்சரிவின் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறும், தேக்கு இலை கொட்டும், ரப்பர் விளையில் (தோட்டத்தில்) கால் வைத்தால் சருகு நொறுங்கும். அப்போதிலிருந்து கோடைமழை நன்றாக இறங்கும்வரை கன்னியாகுமரி மாவட்டத்து நமக்குப் புகைக்காலம். மலையில் எரிவது பெரும்பாலும் தரைத்தீதான். சருகும் புல்லும் எரிந்து நெருப்பு நகர்ந்துவிடும். விழுந்த மரம், மூங்கில் தூர், வேர்க்கட்டை ஆகியவை நாள்கணக்கில் கனன்றுகொண்டு கிடக்கும். கொழுந்துவிட்டு எரியும் நெருப்பைவிட இப்படிக் கனலும் கட்டைதான் எடைக்கு எடை அதிகம் புகைக்கும். “தீ அணைஞ்சாச்சு” என்று கேள்விப்பட்ட பிறகும் மூன்று நாள் மூக்கில் புகை ஏறுவது அதனால்தான்.

இங்கே புகைக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. பகலில் சூடான காற்று மேலே எழும்பும்போது புகையும் கூடவே போய்விடும். பொழுது சாய்ந்தால் சரிவில் காற்று குளிர்ந்து கனத்து, பழையாறு, பரளியாறு, கோதையாறு பள்ளங்கள் வழியாகக் கீழே இறங்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். அதனால் பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், குலசேகரம் போன்ற மலையடிவாரத்து ஊர்களில் பின்னிரவில் தேங்குகிற புகை வெயில் ஏறும்வரை கிடக்கும். தரை சூடாகி, கடற்காற்றும் கிளம்பி, பத்து பதினொரு மணிக்கு மேல்தான் கலையும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இரவெல்லாம் வீசினால் தோவாளைப் பக்கம் அவ்வளவாகத் தேங்காது. காற்று செத்த இரவுகளில்தான் ஆபத்து.

நம்ம வழக்கமோ நேர்மாறு. ஐந்து மணிக்கு சன்னல் திறப்பு, ஐந்தரைக்கு நடைப்பயிற்சி, ஆறு மணிக்கு முற்றம் கூட்டி சருகைக் குவித்து ஒரு தீக்குச்சி. மூடி போட்ட காற்றுக்குள் இன்னொரு புகையை நாமே சேர்க்கிறோம். தெருவுக்குப் பத்து வீடு இப்படிக் கொளுத்தினால், மலைப்புகை எது, முற்றத்துப் புகை எது என்று பிரிக்க முடியாது. இதற்கெல்லாம் “மலையில தீ” என்று வனத்துறையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சருகைத் தென்னை மூட்டில் (மரத்தடியில்) போட்டு மண் தள்ளுங்கள், உரமாகட்டும். நடையைச் சாயங்காலம் நாலரைக்கு மாற்றுங்கள். சன்னலை இரவு ஒன்பதுக்கு அடைத்துக் காலை பத்தரைக்குத் திறங்கள்.

முற்றத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் மட்டும் இந்தக் காலத்துக்கு அருமையாகப் பொருந்துகிறது. சாம்பல் படிந்த முற்றத்தில் காய்ந்த வாரியலை (துடைப்பத்தை) போட்டால் படிந்ததெல்லாம் மறுபடி மூக்குக்கு வரும். முதலில் தண்ணீர், பிறகு வாரியல்.

வெள்ளையாகத் தெரிவது மூடுபனியா, புகையா? பனி என்றால் செடியும் வண்டி சீட்டும் நனைந்திருக்கும், வெயில் பட்டதும் விலகும். புகை மங்கிய பழுப்பு. எட்டு மணிக்கும் சூரியன் ஆரஞ்சு நிறத்தில், கண் கூசாமல் பார்க்கிற மாதிரி இருந்தால் அது புகைதான். வாசத்தாலும் பிரிக்கலாம். ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைப்புரையின் வாசம் கொஞ்சம் புளித்து, தாரோடு கலந்தமாதிரி இருக்கும். தென்னஞ்சவரி (தேங்காய் நார்) எரிந்தால் தொண்டையைப் பிடிக்கும். பிளாஸ்டிக் எரிந்தால் சொல்லவே வேண்டாம். காட்டுச்சருகு எரிந்த புகை ஊருக்கு வரும்போது காரம் குறைந்து, ஆறிப்போன அடுப்புச் சாம்பல்போல மணக்கும்.

கைப்பேசி காட்டும் காற்றுத்தர எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் குறியீடு 24 மணிநேரச் சராசரியிலிருந்து வருகிறது. காலை ஆறு மணிக்கு மூச்சு முட்டினாலும், நேற்றைய மத்தியானத்துக் கடற்காற்றும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். அந்த எண் எந்த ஊர் நிலையத்திலிருந்து வருகிறது என்றும் பாருங்கள். வீட்டில் சின்ன உணர்கருவி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல்: ஈரப்பதம் 80 சதவீதம் தாண்டினால் நீர்த்துளியையும் தூசியாக எண்ணி அதிகமாகக் காட்டும். பி.எம். 2.5 என்கிற நுண்துகளுக்கு இந்திய வரம்பு ஒரு நாள் சராசரியாக கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15.

அந்த நேரத்தில் வெளியே போயே ஆகவேண்டியவர்களும் உண்டு. தோவாளைப் பூச்சந்தைக்காரர்கள், தலைவிளக்கு கட்டிப் பால்வெட்டப் போகிறவர்கள், பேப்பர், பால் போடுகிறவர்கள். விடிவதற்கு முன்னால் வெட்டினால்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும், அதை மத்தியானத்துக்கு மாற்றச் சொல்ல முடியாது. இவர்களுக்கு முகக்கவசம்தான் வழி. துவர்த்தை (துண்டை) நனைத்து மூக்கில் கட்டுவது கண்ணுக்குத் தெரிகிற சாம்பலை நிறுத்தும், 2.5 மைக்ரான் நுண்துகளை நிறுத்தாது. நீலநிறச் சர்ஜிக்கல் மாஸ்க்கிலும் ஓரமெல்லாம் ஓட்டை. என்95 அல்லது எஃப்எஃப்பி2 வேண்டும். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற வகை நன்றாக ஒட்டும். போட்டபின் இரு கையாலும் மூடி வேகமாக ஊதுங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் மூக்குக்கம்பியை அமுக்கவேண்டும், கன்னத்தில் அடித்தால் பட்டையை இழுக்கவேண்டும். தாடி இருந்தால் பாதிப் பயன் போச்சு. வியர்வையில் நனைந்து மூச்சிழுக்கக் கனமானால் மாற்றிவிடுங்கள், துவைக்கக் கூடாது.

வீட்டுக்குள் வருவோம். ஓட்டு வீட்டை முழுக்க அடைப்பது நடக்காத காரியம். கான்கிரீட் கூரையுள்ள ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். வென்டிலேட்டரில் அட்டையை டேப் போட்டு ஒட்டி, கதவின் அடியிடுக்கில் பழைய துணியைத் திணியுங்கள். முதியவர்களும் குழந்தைகளும் அங்கே படுக்கட்டும். காற்றுச்சுத்திகரிப்பான் வாங்குவதாக இருந்தால் கணக்கு எளிது: அறையின் கனஅளவை ஐந்தால் பெருக்குங்கள். 10க்கு 12 அடி, உயரம் 10 அடி என்றால் சுமார் 34 கனமீட்டர், ஆக மணிக்கு 170 கனமீட்டர் தூய காற்று தருகிற கருவி வேண்டும். பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்று போட்டிருக்கும் எண் அதுதான். அறையை அடைத்துவிட்டு உள்ளே கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. அதைவிட வெளிப்புகையே தேவலாம். கொசுவலை போதும். சாம்பிராணி, ஊதுபத்தி, விறகடுப்பு எல்லாம் இந்த மூடிய அறைக்கு வெளியேதான்.

ஆஸ்துமாக்காரர்கள் தினசரி இன்ஹேலரை விடக்கூடாது. உடனடி நிவாரண இன்ஹேலரில் மருந்து தீர்ந்ததா என்று இப்போதே பாருங்கள். அதை இழுத்தும் மூச்சு அடங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை என்றால் 108. ஆவி பிடித்தால் மூக்குக்குச் சுகம், நுரையீரலுக்குள் போன துகள் வெளியே வராது. கருப்பட்டிக் காப்பியும் அப்படித்தான், ருசிக்குக் குடிக்கலாம்.

மாறாமலைப் பக்கம் கிராம்பு காயவைக்கும் காலமும் இதுவே. எண்ணெய்ச்சத்துள்ள மொட்டு வாசத்தைப் பிடித்துக்கொள்ளும், புகைநெடி ஏறிய சரக்கு விலை இறங்கும். பாயை விடியும்போதே விரிக்காமல் புகை கலைந்தபின் விரித்து, நாலு மணிக்கு அள்ளிவிடுங்கள். காய ஒருநாள் கூடும், அவ்வளவுதான்.

மேல்தொட்டிக்கும் கிணற்றுக்கும் மூடி வேண்டும். மழைநீர் சேமிப்பவர்கள் முதல் மழையின் 2 மில்லிமீட்டரை வெளியே விடவேண்டும். 1000 சதுர அடிக் கூரைக்கு அது சுமார் 185 லிட்டர்.

ரப்பர் விளை வைத்திருப்பவர்கள் இலை கொட்டத் தொடங்கும் முன்பே எல்லையைச் சுற்றி 3 மீட்டர் அகலத்துக்குச் சருகில்லாமல் செதுக்கிவிடுங்கள். ஒருதடவை செதுக்கினால் போதாது, இலை தொடர்ந்து விழும். வாரத்துக்கு ஒருமுறை வழித்தெடுக்க வேண்டும். மலையில் புகைத்தூண் கண்டால் 101 அல்லது 112. “மலையில தீ” என்று மட்டும் சொன்னால் ஆள் வர நேரமாகும். நீங்கள் நிற்கிற இடம், அங்கிருந்து எந்தத் திசை, பக்கத்தில் எந்த அணை, கோயில் அல்லது எஸ்டேட், ஒரு தூணா பலவா என்று சொல்லுங்கள். இரவானால் சிவப்புக்கோடு மேலே ஏறுகிறதா, பக்கவாட்டில் நகர்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.