ஒரே கையெழுத்தில் ஓடிய சங்கம்

குடியாத்தத்தில் பீடி சுற்றுபவர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சின்னச் சங்கம் எங்களுடையது. 1994-ல் பதிவு செய்தது, பழைய ரப்பர் ஸ்டாம்பில் இன்னும் 'வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்றுதான் இருக்கிறது. ஆரம்பித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர், எங்கள் எல்லாருக்கும் சார். செக்கில் கையெழுத்து அவருடையது, பீரோ சாவி அவரிடம், பாதிக் கணக்கு அவர் மனதில்.

மூன்று வருஷத்துக்கு முன் சார் மாடிப்படியில் விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டார். பேங்க்கில் பணம் இருந்தும் இரண்டு டீச்சர்களுக்கு இரண்டு மாதம் சம்பளம் கொடுக்க முடியவில்லை. கையெழுத்தை மாற்றத் தீர்மானமும், பதிவாளர் அலுவலகத்தில் தாக்கலான நிர்வாகக் குழுப் பட்டியலும் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் ஏழு பேரில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் ஓசூரோடு போய்விட்டார்.

1975-ம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருஷாவருஷம் பொதுக்குழு கூட்டி வரவு செலவைத் தாக்கல் செய்யவேண்டும், நிர்வாகி மாறினால் படிவம் 7. நாங்கள் இரண்டையும் மறந்தே போயிருந்தோம். விட்டுப்போன வருஷங்களுக்குக் கணக்கு எழுதி, ஆடிட்டரிடம் காட்டி, தாமதக் கட்டணம் கட்டி, வேலூருக்குப் பஸ் ஏறி இறங்கியதில் எட்டு மாதம் போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, எதற்கும் மூன்று செட் ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

கஷ்டம் கூட்டத்தில்தான் இருந்தது. தீர்மானம் இதுதான்: இனி செக்கில் இரண்டு கையெழுத்து, 5,000 ரூபாய்க்கு மேல் செலவென்றால் குழு முடிவு, பிள்ளைகளின் அம்மாக்களில் இரண்டு பேர் குழுவில். படித்து முடித்ததும் சார், "இத்தனை வருஷத்துல ஒரு ரூபாய் தப்பாப் போயிருக்கா?" என்றார். போகவில்லை, அது ஊருக்கே தெரியும், அதனாலேயே யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் ஓர் அம்மாதான் பேசினார். "சார், நாங்க பீடி கொண்டுபோய்ப் போட்டா கட்டுக்கு 25 இருக்கான்னு எண்ணித்தான் வாங்குறாங்க. நாங்க திருடுறோம்னா எண்ணுறாங்க?"

சார் கொஞ்ச நேரம் மினிட்ஸ் புக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் 'தீர்மானிக்கபட்டது' என்று எழுதியிருந்ததில் விட்டுப்போன 'ப்'பைச் சேர்த்துவிட்டு, கட்டுப் பிரித்த கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் நல்லதாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். முன்பு ட்யூப்லைட் போனால் சாயங்காலமே சார் வாங்கி மாட்டிவிடுவார், இப்போது ஃபேன் ரிப்பேருக்கு இரண்டு வாரம் பேசுகிறோம். ஆனால் போன வருஷம் சார் ஒரு மாதம் மகள் வீட்டில் இருந்தபோது சம்பளம் முதல் தேதியே போனது.

நன்கொடைதான் இன்னும் இழுபறி. கொடுத்ததற்கு வருமான வரிச் சலுகை கேட்பவர்களின் பட்டியலைப் பான் நம்பரோடு மே 31-க்குள் வரித் துறையின் தளத்தில் ஏற்றியாகவேண்டும், ரொக்கமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதற்குச் சலுகை கிடையாது. சாரின் பழைய நோட்டில் பக்கம் பக்கமாக 'ஒரு அன்பர் – 500' என்றுதான் இருக்கிறது. அதில் ஓர் அன்பர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர். ரசீதில் பெயராவது போடுகிறேன் என்று போய் நின்றேன். ஐந்நூறைக் கையில் திணித்துவிட்டு, "சார் எப்படி எழுதுவாரோ அப்படியே எழுதிக்கோப்பா" என்று பாய்லர் பக்கம் திரும்பிவிட்டார்.