மாதக் கடைசியும் கொள்ளும்

மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் சோறு, ரசம், அப்பளம் என்றே பொழுது ஓடும். மதியம் வயிறு நிறையும். ஆனால் நாலு மணிக்கெல்லாம் பிள்ளைகள் அடுக்களையை எட்டிப் பார்ப்பார்கள். அரிசிக்குக் குறையில்லை, 2011 ஜூன் முதல் ரேஷனில் இலவசம்தான். குறை பருப்பில் இருந்தது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு மாதம் முழுக்க வராது. அதனால்தான் கொள்ளுக்கு வந்தேன். 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம், துவரம்பருப்புக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. எங்கள் மளிகைக் கடையில் விற்கும் துவரம்பருப்பைவிட விலையும் குறைவு.

கொள்ளில் பெரிய வேலை கல் அரிப்பது. கல்லும் கொள்ளு நிறத்திலேயே இருப்பதால் கண்ணால் பொறுக்கினால் போதாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டுச் சுழற்றி, மேலே எழும் கொள்ளை மட்டும் அடுத்த பாத்திரத்தில் சரிக்க வேண்டும். கல் அடியில் தங்கிவிடும். அப்புறம் ராத்திரி முழுக்க ஊறவிடுவேன். ஊறாத கொள்ளு கேஸைத் தின்றுவிடும், ஊறினால் குக்கரில் ஆறேழு விசிலில் மசியும். உப்பு வெந்த பிறகுதான்.

நாலு பேருக்கு 200 கிராம் போடுகிறேன், தண்ணீர் தாராளமாக. வெந்ததும் வடிக்கிற தண்ணீர்தான் ரசம். தக்காளி, புளி, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, அதோடு ஒரு கரண்டி வெந்த கொள்ளை அரைத்துக் கலந்தால் ரசம் திடமாக நிற்கும். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். மீதிக் கொள்ளில் பாதியை கொங்குப் பக்கத்து முறைப்படி கடைகிறேன்: சின்ன வெங்காயம், வரமிளகாய், மல்லி, சீரகம் வதக்கிச் சேர்த்து ஒன்றிரண்டாக. நைஸாக அரைத்தால் ருசி போய்விடும். சூடான சோற்றில் இதைப் போட்டு ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் வேறு கறியே வேண்டாம். மறுபாதி சாயங்காலச் சுண்டல். ஒரே அடுப்பு எரிப்பில் மூன்று பதார்த்தம்.

சோற்றிலும் ஒரு மாற்றம். ரேஷன் அரிசியை நன்றாகக் களைந்து அரை மணி நேரம் ஊறவைத்தால் வாடையும் குறைகிறது, சோறும் மெத்தென்று வருகிறது. அதில் கலந்திருக்கும் சற்று வேறு நிற மணிகளைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கிப் போடுபவர்கள் உண்டு. அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கணக்கில் கலக்கிறார்கள். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

கொள்ளுச் சோறு சாப்பிட்ட நாளில் நாலு மணிப் பசி இல்லை, அது நிச்சயம். வெயில் காலத்தில் மட்டும் சூடு என்று அம்மா தடுப்பார், அப்போது பாசிப்பயறு. இந்த வாரம் கொள்ளை முளைகட்டிக் கத்திரிக்காயோடு குழம்பு வைக்கப் போகிறேன். துணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், முளை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது.