இடது குதிகாலும் வலப்பக்கக் காற்றும்

வலப்பக்கத்திலிருந்து காற்று வீசினால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். படகு இடப்பக்கம் சாயும். சாய்ந்த தளத்தில் சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் உடம்பின் பாரமெல்லாம் கீழ்ப்பக்கத்துக் காலில் இறங்கும். என் உடைந்த கால் அதுதான்.

உடைந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. கடலில் நடந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கதை இருந்திருக்கும். வீட்டில், பரண்மேல் இருந்த பெட்டியை எடுக்க ஏணியில் ஏறியபோது நடந்தது. ஏழடி உயரத்திலிருந்து நேராகக் குதிகாலில் வந்து இறங்கினேன். ஒரு தகடு, ஏழு திருகாணிகள். அறுவை செய்த மருத்துவர், "ஓராண்டில் மறந்துவிடுவீர்கள்" என்றார். எலும்பு என்னவோ கூடிவிட்டது. அதற்கு மேலே இருக்கும் சின்ன மூட்டுதான் இன்னும் கணக்கு வைத்திருக்கிறது. கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கிறது. அதற்குக் கீழுள்ள இந்த மூட்டு பாதத்தை உட்புறமும் வெளிப்புறமும் திருப்புகிறது. மேடுபள்ளத்திலும் சரிவிலும் நாம் தடுமாறாமல் நடப்பது இதன் தயவால். குதிகால் எலும்பு நொறுங்கும்போது பெரும்பாலும் இந்த மூட்டின் வழவழப்பான பரப்பும் சேர்ந்து சிதைகிறது. பின்னால் தேய்மானம் வருகிறது. சமதளத்தில் நான் நடந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சரிவு என்றால் பத்தே நிமிடத்தில் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்டவள் போயும் போயும் ஒரு பாய்மரப் படகில் குடியிருக்கிறாள் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

இந்த 34 அடிப் படகுக்கு நானும் கணவரும் வந்து நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. முதல் ஆண்டில் நான் செய்த தவறு, வலியை அவரிடமிருந்து மறைத்தது. "நீ ஓய்வெடு" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறிப் படகைப் பார்த்துக்கொள்ளும் காவல் முறையில் என் பங்கை ஒரு நிமிடம்கூடக் குறைக்காமல் நின்றேன். பிறகு படுக்கைக்குப் போய்த் தூங்க முடியாமல் கிடந்தேன். தூக்கம் குறைந்தால் அதே வலி மறுநாள் இரண்டு மடங்காகத் தெரியும். இப்படி ஒரு வாரம் போனது. ஒருநாள் அலையில் படகு துள்ளியபோது இடது காலை ஊன்றத் தயங்கினேன். அந்த அரை நொடியில் தடுமாறிப் போய்க் கம்பியில் மோதிக்கொண்டேன். விலா எலும்பில் நீலம் பாரித்துவிட்டது. அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

சக்கரத்தின் பின்னால், தளத்தில் இரண்டு மரக்கட்டைகளைப் பதித்தார். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தணிந்த ஆப்பு. படகு 15 பாகை சாயும்போது, தாழ்ந்த பக்கத்து ஆப்பின் மேற்பரப்பு கிட்டத்தட்ட மட்டமாகிவிடும்; அதில் பாதத்தை வைத்தால் சரிவே தெரியாது. பழைய படகோட்டிகள் எத்தனையோ காலமாகச் செய்யும் வேலைதான் இது. எனக்குத் தோன்றாமல் போனது, கேட்க வெட்கப்பட்டதால். முதல் கட்டையைக் கொஞ்சம் செங்குத்தாக இழைத்துவிட்டார், பாதம் வெளிப்பக்கம் திரும்பியது. மறுபடியும் இழைத்தார். மூன்றாம் முறைதான் பொருந்தியது. அதன் விளிம்பில் என் செருப்பு உரசி உரசி இப்போது வார்னிஷ் போய், வெள்ளையாக ஒரு பிறை தெரிகிறது.

பயணத்தைவிட நங்கூரமிட்டுக் கிடக்கும் இரவுகள்தான் மோசம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். காற்று ஒரு பக்கமும் அலை இன்னொரு பக்கமும் வந்தால், படகு காற்றுக்கு முகம் காட்டி நிற்கும். அலை அதை விலாவில் தட்டித் தட்டி ஆட்டும். படுத்திருக்கும் பாதம் ஊசல்போல இப்படியும் அப்படியும் உருளும். ஒவ்வோர் உருளலும் ஒரு சின்னக் குத்தல். தலையணையைச் சுருட்டி அண்டைகொடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. இதற்கு மருந்து மருந்துப்பெட்டியில் கிடையாது. நங்கூரச் சங்கிலியில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைப் படகின் பின்பக்கத்து விஞ்சுக்கு, அதாவது கயிறு இழுக்கும் உருளைக்கு, கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். படகின் மூக்கு காற்றைவிட்டு அலையின் பக்கம் திரும்பும், ஆட்டம் அடங்கும். நடுநிசியில் இருட்டில் இதைச் செய்வது அலுப்பான வேலை. இப்போதெல்லாம் குடாவுக்குள் நுழைந்ததுமே, பொழுது இருக்கும்போதே செய்துவிடுகிறோம்.

எதிர்பாராமல் கிடைத்த உதவி ஒன்றும் உண்டு. காற்றில்லாத நாளில் டீசல் இன்ஜினை ஓட்டினால் கேபின் தரை மெல்ல அதிரும். அதன்மேல் வெறுங்காலை வைத்து உட்கார்ந்தால் வலி மங்கிவிடுகிறது. மனப்பிரமை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1965-இல் முன்வைத்த 'வாயில் கோட்பாடு' இதற்கு விளக்கம் தருகிறது. தொடுகையையும் அதிர்வையும் கொண்டுபோகும் நரம்புகளின் செய்தி, தண்டுவடத்தில் வலிச்செய்தி கடக்கும் வாயிலைக் கொஞ்சம் சாத்திவிடுகிறதாம். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துவிடுவதும் இதே கணக்குத்தான். ஆனால் குதிகாலுக்காக டீசலை எரிக்க முடியாது என்பது கணவரின் கட்சி. நியாயம்தான்.

மாத்திரைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காத நாளில் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு. அன்றைக்கு என் மருத்துவர் சொன்னபடி பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. மயக்கம் தரும் கடுமையான வலிநிவாரணி ஒன்று பூட்டிய பெட்டியில் இருக்கிறது. காவலில் நிற்பவர் அதைத் தொடக்கூடாது என்பது படகின் சட்டம். நான்கு ஆண்டுகளில் இரண்டே முறைதான் திறந்தோம்.

மழைக்கு முந்திய நாள் குதிகால் சொல்லிவிடும் என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கணவரும் காலையில், "என்ன, குதிகால் என்ன சொல்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் பாயைப் பார்ப்பார். பிறகு ஒருநாள் பயணப் பதிவேட்டில், காற்றழுத்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் வலிக்கென்றும் ஒரு கட்டம் போட்டேன். பூஜ்யத்திலிருந்து பத்துவரை. எட்டு மாதப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது முகத்தில் அசடு வழிந்தது. காற்றழுத்தம் 1020 ஹெக்டோபாஸ்கல் காட்டிய பளிச்சென்ற நாள்களில் ஏழு போட்டிருக்கிறேன். 998-க்கு இறங்கிய புயல்நாளில் மூன்று. ஆனால் முந்தைய இரவு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய நாள்களில் ஆறுக்குக் கீழே ஓர் எண்கூட இல்லை. என் குதிகாலுக்கு வானிலை தெரியாது. தூக்கம்தான் தெரியும். இதைக் கணவரிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது.

இரவுக் காவலில் பழைய கப்பல் பயணங்களைப் பற்றிப் படிப்பது என் வழக்கம். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் ஆன்சனின் 'சென்சூரியன்' கப்பல் 1741-இல் தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றியபோது வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் மாலுமிகளை வாட்டியது. அந்தக் கப்பலில் ஒரு கிழட்டுச் சிப்பாய் இருந்தான். 1690-இல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் பட்ட காயம், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆறியது, மறுபடியும் திறந்துகொண்டதாம். கூடியிருந்த எலும்பும் கூடாததுபோல் பிரிந்துவிட்டதாம். வைட்டமின் சி இல்லாமல் உடம்பால் கொலாஜன் என்ற, திசுக்களைப் பிணைத்து வைக்கும் புரதத்தைச் செய்ய முடியாது. ஆறிய தழும்பையும் அது ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. படித்த அன்று இரவு டார்ச் வெளிச்சத்தில் என் தழும்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகாலின் வெளிப்பக்கத்தில் 'ட' எழுத்தைப்போல் மடங்கிய கோடு. அதன்மேல் முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

நாளைக்கு 31 கடல் மைல் போக வேண்டும். முன்னறிவிப்பின்படி காற்று வலப்பக்கத்திலிருந்து, 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) வேகத்தில். இன்றைய கட்டத்தில் ஐந்து எழுதியிருக்கிறேன். பாயைச் சுருக்கிக் கட்டிவிட்டுப் போகலாம், அல்லது ஒருநாள் காத்திருக்கலாம். கணவர் ஒன்றும் கேட்காமல் பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "சக்கரத்தில் நான் நிற்கிறேன். இடப்பக்கக் காற்று வந்ததும் உன்னை எழுப்புகிறேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். மணி எட்டரை ஆகிறது, படுக்கப் போகிறேன்.