ஆப்பிள் பெட்டி: ஜூலை மாத நாட்குறிப்பு

ஞாயிறு, 7 ஜூலை 2024

உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்து, பாதியில் சலித்துப்போய்ச் சோபாவில் கவிழ்த்து வைத்திருந்த நூறு பக்க நாவலை இன்று காலை நான் எடுத்துக்கொண்டேன். ஜான் ஸ்டைன்பெக் 1937இல் வெளியிட்ட ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’. கலிஃபோர்னியாவில் ஊர் ஊராகப் போய் அறுவடைக் கூலி வேலை செய்யும் இரண்டு ஆண்களைப் பற்றியது என்று பின்னட்டையில் பார்த்ததும் கை நீண்டுவிட்டது. புல் வெட்டுகிறவர்களை மேய்க்கும் வேலையில் இருபது ஆண்டுகளைக் கழித்தவனுக்குக் கூலிகளைப் பற்றிய புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது.

கதை சோலெடாட் என்ற ஊருக்குச் சில மைல் தெற்கே, சாலினாஸ் ஆற்றங்கரையில் தொடங்குகிறது. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தனிமை என்று பொருள். ஆசிரியர் கதைக்காகச் சூட்டிய பெயராக இருக்கும் என்று நினைத்தேன். வரைபடத்தைப் பார்த்தால் அப்படியே ஓர் ஊர் இருக்கிறது. ஸ்டைன்பெக் பிறந்த சாலினாஸும் அதே பள்ளத்தாக்கில்தான் உள்ளது. சிறிய உருவமும் கூரிய புத்தியும் கொண்ட ஜார்ஜ், மலைபோன்ற உடலும் குழந்தை மனமும் கொண்ட லென்னி என்று இருவர். மென்மையான எதையும் தடவிப் பார்க்காமல் லென்னியால் இருக்க முடியாது. தடவும் கையின் பலமோ அவனுக்கே தெரியாது. சட்டைப்பையில் செத்த எலியோடுதான் அவன் நமக்கு அறிமுகமாகிறான்.

செவ்வாய், 9 ஜூலை

பிற்பகல் இரண்டு மணிக்கு மின்னல் எச்சரிக்கை வந்தது. ‘கேட் ஒன்’ எனப்படும் அந்த எச்சரிக்கை வந்துவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு, சிங்கப்பூர் அரசு அடுக்குமாடியான வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒதுங்கிவிட வேண்டும் என்பது விதி. நைலான் கயிறு சுழலும் புல்வெட்டு மிஷின்களைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, முகக்கவசத்தில் ஒட்டிய பச்சைத் துணுக்குகளைச் சுரண்டியபடி எட்டுப் பேரும் அமர்ந்தார்கள். ஆறு பேர் உடனே கைப்பேசிக்குள் போய்விட்டார்கள். எப்போதும் போல அந்த இருவர் மட்டும் தூணுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் சிவகங்கைப் பக்கம் ஒரே ஊர்க்காரர்கள். மூத்தவருக்கு நாற்பத்து நான்கு வயது, இளையவருக்கு இருபத்தாறு. இளையவர் அவரை மாமா என்று அழைப்பது ஊர் முறைதான். இரத்த உறவு கிடையாது. இளையவருக்கு இடது காது சரியாகக் கேட்காது. அதனால் நான் சொல்வதை எல்லாம் மூத்தவர் வாங்கி, அவருடைய வலது காதுக்கு மாற்றிக் கொடுப்பார். நான் கேட்கும் கேள்விக்கும் அவரே பதில் சொல்லிவிடுவார். சேர்ந்த முதல் மாதத்தில் இது எனக்கு எரிச்சலூட்டியது. “அவர் வாயில் என்ன இருக்கிறது, அவரே பேசட்டுமே” என்று ஒருமுறை கடிந்துகொண்டேன்.

நேற்றிரவு நாவலில் அதே இடத்தைக் கடந்தேன். பண்ணையின் முதலாளி, லென்னியைக் கேட்கும் கேள்விக்கெல்லாம் ஜார்ஜே பதில் சொல்வதைக் கண்டு, அவனுடைய கூலியை நீ எடுத்துக்கொள்கிறாயா என்று சந்தேகப்படுகிறார். இன்னொருவனுக்காக இவ்வளவு மெனக்கெடும் ஒருவனை அவர் பார்த்ததே இல்லை. ஒரு பண்ணையில் ஒரு மாதம், சம்பளம் வாங்கியதும் நகரத்தில் இரண்டு நாள், கை காலியானதும் அடுத்த பண்ணை என்று தனித்தனியாக வந்து தனித்தனியாகப் போகிறவர்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சேர்ந்து வருகிற இருவர் திருடர்களாகத்தான் தெரிவார்கள். எனக்கு வந்த எரிச்சலுக்கும் பெயர் இதுதானோ என்று படித்தபோதே சுருக்கென்றது.

ஞாயிறு, 14 ஜூலை

சம்பளப் படிவத்தில் கையெழுத்து வாங்கத் தொழிலாளர் தங்கும் டார்முக்குப் போக வேண்டியிருந்தது. ஓர் அறையில் பன்னிரண்டு இரட்டை அடுக்குக் கட்டில்கள். ஆளுக்கொரு இரும்பு அலமாரி. மூத்தவர் தம் அலமாரியைத் திறந்தபோது உள்ளே பார்வை போனது: மடித்த இரண்டு கைலிகள், தைலக் குப்பி, முகப்பவுடர், கதவின் உட்புறம் அரிசி மாவுப் பசையால் ஒட்டிய ஐயனார் படம், அதற்குக் கீழே ஒரு ரசீது. போர்வெல் போட்டவன் கொடுத்த ரசீது. 480 அடி வரை இறக்கியும் தண்ணீர் வராமல் போன கிணற்றின் ரசீதை எதற்காக ஒட்டி வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

நாவலில் பண்ணைத் தொழிலாளர் கொட்டகையில் ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஓர் ஆப்பிள் பெட்டி, வாய் முன்பக்கம் பார்க்க, சுவரில் ஆணியால் அறையப்பட்டிருக்கும். சோப்பு, பவுடர், சவரக்கத்தி, படித்துக்கொண்டே கேலி செய்யும் பத்திரிகைகள், மருந்துக் குப்பிகள் என்று ஒரு மனிதனுக்குச் சொந்தமான எல்லாம் அந்த இரண்டு தட்டுக்குள் அடங்கிவிடும். ஸ்டைன்பெக் இளமையில் தாமே அத்தகைய பண்ணைகளில் வேலை செய்தவர். பெட்டி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது அப்படி இருந்தவனுக்கு மட்டுமே நினைவில் நிற்கும்.

அந்தக் கொட்டகைக்குள்கூட அனுமதி இல்லாதவன் க்ரூக்ஸ். கறுப்பினத்தவன், முதுகு வளைந்தவன், குதிரை லாயத்தை ஒட்டிய சேணம் வைக்கும் அறையில் தனியே கிடப்பவன். அவனிடம் மட்டும் புத்தகங்கள் இருக்கின்றன: ஓர் அகராதியும், கலிஃபோர்னியாவின் 1905ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத் தொகுப்பின் கசங்கிய பிரதி ஒன்றும். தனக்கு எந்த உரிமையையும் காப்பாற்றித் தராத சட்டத்தை அவன் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறான். கசங்கிய அந்தப் பிரதியைப் பற்றி ஒரு வரிக்கு மேல் ஆசிரியர் எழுதவில்லை. எனக்கோ அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக அரை மணி நேரம் ஆயிற்று.

வியாழன், 18 ஜூலை

கனவின் கணக்கை இன்று எழுதிப் பார்த்தேன். பத்து ஏக்கர் நிலம், ஒரு காற்றாலை, சிறு வீடு, கோழிக்கூடு, கொஞ்சம் பழமரங்கள், லென்னிக்காக முயல்கள். விலை 600 டாலர். மாதச் சம்பளம் ஆளுக்கு 50. இருவர் கையிலும் சேர்த்துப் பத்து டாலர்தான் இருக்கிறது என்பதால் ஜார்ஜுக்கே இது வெறும் பேச்சுதான். தாலாட்டைப் போல லென்னி கேட்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடமான பேச்சு. அப்போது கேண்டி என்ற கிழவர் நுழைகிறார். பண்ணையில் ஒரு கையை இழந்ததற்காகக் கிடைத்த 250, சேமித்த 50, மாதக் கடைசியில் வரப்போகும் 50, ஆக 350 டாலரை எடுத்து வைக்கிறார். மற்ற இருவரின் ஒரு மாதக் கூலியையும் சேர்த்தால் 450. அந்த இடத்தில் மூவரும் வாயடைத்து நிற்கிறார்கள். நடக்காது என்பதால்தான் இத்தனை நாளும் துணிந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடந்துவிடக்கூடும் என்று தெரிந்ததும் பயம் வந்துவிடுகிறது. நாவலில் நான் மிகவும் வியந்த இடம் இது. கணக்கில் பெருந்தொகை, வெட்டுப்பட்ட கையின் விலை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் மொழியில் தோட்டக் கூலிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றை நினைத்துக்கொண்டேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதையான புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை இன்றும் மனம் கனக்காமல் படிக்க முடிவதில்லை. ஆனால் அந்தத் துயரம் வேறு வகை. கங்காணி தன் ஊரிலிருந்து, தன் சாதி சனத்திலிருந்து ஆள் பிடித்தான், குடும்பங்கள் வந்தன, மலாயாவின் ரப்பர்த் தோட்டத்து லயங்களில் கடனும் அடியும் சாராயமும் இருந்தன என்றாலும், கூடவே கல்யாணமும் கருமாதியும் மாரியம்மன் திருவிழாவும் இருந்தன. அந்தக் கூலியைக் கொடுமை சூழ்ந்திருந்தது, தனிமை சூழவில்லை என்று சொல்லலாம். இன்று சிங்கப்பூரில் புல் வெட்ட வருகிறவரோ மனைவி மக்களை அழைத்து வர முடியாத பர்மிட்டில் வருகிறார். அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் யார் படுப்பார் என்பதைக்கூட வேறொருவர் தீர்மானிக்கிறார். தன் பாட்டனின் பாட்டனைவிட அவர் கலிஃபோர்னியாக் கூலிக்கே நெருங்கியவர். ஒரு வேறுபாடு உண்டு. கலிஃபோர்னியாக் கூலி, வேலை பிடிக்காவிட்டால் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நண்பனோடு நடந்துவிடுவான். இவருடைய பர்மிட்டில் ஒரே ஒரு முதலாளியின் பெயர் இருக்கிறது.

ஞாயிறு, 21 ஜூலை

லிட்டில் இந்தியாவான தேக்காவுக்குப் போனேன். பேராக் சாலை ஓரம், ரேஸ் கோர்ஸ் சாலைத் திடல் எங்கும் தலைகள். பணம் அனுப்பும் கடை வரிசையில் நிற்கும்போது என் பழைய நண்பனை நினைத்தேன். 1997இல் ஒரே ஏஜெண்டிடம் காசு கட்டி, ஒரே விமானத்தில் வந்தோம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஐந்து மா நிலத்தைக் கூட்டாக வாங்குவதாகப் பேச்சு. ஆறே மாதத்தில் வேலை குறைந்து அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வேறு இடம் கிடைத்தது. அவன் மூன்று கடிதங்கள் எழுதினான். இரண்டுக்குப் பதில் போட்டேன். அந்த நிலத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

புதன், 24 ஜூலை

காலையில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. தீவின் மேற்குக் கோடியில், துவாஸ் பக்கம் புதிய குத்தகை கிடைத்திருக்கிறது; என் குழுவிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும்; டார்மும் மாறும். “யார் என்று நீங்களே முடிவு செய்து பெயரை அனுப்புங்கள், மதியத்துக்குள் வேண்டும்” என்றார் மேலாளர்.

எட்டுப் பெயர்கள். ஒருவருக்கு ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, அவர் இல்லாவிட்டால் லாரி நகராது. இருவர் மரமேறத் தெரிந்தவர்கள். ஒருவருக்கு அடுத்த மாதம் பர்மிட் முடிகிறது. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுகிறவர் இளையவர். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் எதைச் சொல்வதானாலும் இருமுறை சொல்ல வேண்டும். பெயரைத் தட்டச்சு செய்து அனுப்ப அரை நிமிடம் ஆனது. அனுப்பிய பிறகுதான், கழித்த காரணங்கள் எல்லாவற்றையும் நான் பின்னாலிருந்து முன்னால் எழுதிக்கொண்டேனோ என்ற ஐயம் எழுந்தது.

இரவு மறுபடியும் புரட்டிப் படித்தது கேண்டியின் நாய் சாகும் இடம். கண் தெரியாத கிழட்டு நாய். கொட்டகைக்குள் நாற்றம் தாங்கவில்லை என்று கார்ல்சன் என்பவன் அதை வெளியே கூட்டிப்போகிறான். அவன் கெட்டவன் அல்லன். வலிக்காமல் செய்வதாகச் சொல்கிறான், பின்தலையில் எந்த இடத்தில் சுட வேண்டும் என்பதையும் விளக்குகிறான், கோவேறு கழுதை ஓட்டும் ஸ்லிம் நினைவூட்டியதும் மண்வெட்டியையும் எடுத்துப்போகிறான். உள்ளே எல்லோரும் துப்பாக்கி வெடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவன் சீட்டைக் கலைக்கிறான். தரைக்கு அடியில் எதுவோ சுரண்டுகிறது. கிழவர் கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.

ஞாயிறு, 28 ஜூலை

நாவலை முடித்தேன். வியாழன் மாலை தொடங்கிய கதை ஞாயிறு மாலை, தொடங்கிய அதே ஆற்றங்கரையில் முடிகிறது. முதலாளி மகனின் இளம் மனைவி, பெயர்கூடத் தரப்படாத இன்னொரு தனிமை, லென்னியின் கையில் தெரியாமல் இறந்துபோக, ஊரே துப்பாக்கியோடு தேடுகிறது. அவர்கள் கண்டுபிடிக்கும் முன் ஜார்ஜ் அவனைக் கண்டுபிடிக்கிறான். ஆற்றுக்கு அப்பால் பார்க்கச் சொல்லி, நிலத்தின் கதையையும் முயல்களின் கதையையும் கடைசி முறையாகச் சொல்லிக்கொண்டே சுடுகிறான். என் நாயை நானே சுட்டிருக்க வேண்டும் என்று முன்பு கிழவர் வருந்திச் சொன்னது அவன் காதில் இருந்திருக்கும். இந்த நாவலுக்கு முதலில் ‘நடந்த ஒன்று’ என்ற பொருள்படும் பெயரைத்தான் ஸ்டைன்பெக் நினைத்திருந்தாராம். பிறகு ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய கவிதையிலிருந்து எலிகளைக் கொண்டுவந்தார். எனக்கென்னவோ பழைய பெயரே பிடித்திருக்கிறது. மகளிடம் சொன்னேன். “அப்பா, அது ரொம்ப போர்” என்றாள்.

கடைசி வாக்கியம் கார்ல்சனுடையது. தளர்ந்து நடந்துபோகும் ஜார்ஜையும் அவனைத் தாங்கிப்போகும் ஸ்லிமையும் பார்த்து, இவர்களுக்கு என்ன வந்துவிட்டது என்று அவன் உண்மையாகவே புரியாமல் கேட்கிறான்.

செவ்வாய், 30 ஜூலை

இளையவர் துவாஸ் போய் இன்று இரண்டாம் நாள். பிற்பகலில் மறுபடியும் ‘கேட் ஒன்’. மூத்தவர் தூணுக்குப் பின்னால் போகவில்லை. மற்றவர்களைப் போலக் கைப்பேசியைப் பார்த்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் போய் அமர்ந்தேன். எதையாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது.

“அந்தக் கிணறு என்ன ஆச்சு? இன்னும் நூறு அடி இறக்கினால் தண்ணீர் வரும், ரெண்டு பேரும் சேர்ந்து மல்லி போடலாம்னு பேசிக்கிட்டிருந்தீங்களே?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அதை எல்லாம் காதில் வாங்கியிருப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“அது சும்மா அண்ணே. மழைக்கு உட்கார்ந்தா எதையாவது பேசணும்ல.”

மூன்று மணிக்கு எச்சரிக்கை நீங்கியது. மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக எழுந்தது அவர்தான்.