காங் கிராமமும் திரையில் வந்த இனிஸ்ஃப்ரீயும்: அயர்லாந்து நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

கால்வே நகரத்திலிருந்து காங் கிராமம் சுமார் 45 கிலோமீட்டர். என்84 சாலையில் ஹெட்ஃபோர்ட் வரை போய், அங்கிருந்து ஆர்334-இல் கிராஸ் என்ற சிற்றூர், அதன் பிறகு ஆர்346. ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் வந்து சேரலாம். பேருந்து உண்டு, ஆனால் குறைவு. காங்கை மட்டும் பார்க்கப் பேருந்து போதும், ‘தி கொயட் மேன்’ படத்தில் வரும் மற்ற இடங்களையும் பார்க்க நினைத்தால் கார் இல்லாமல் நடக்காது. இந்தியாவைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் அதில் குழப்பம் வராது. வாடகைக் காரில் பெட்ரோல் போடும்போது பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஷெங்கன் விசா இங்கே செல்லாது. அயர்லாந்துக்குத் தனி விசா.

காங்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்துக்காக வருகிறார்கள்: ஜான் ஃபோர்ட் இயக்கி 1952-இல் வெளியான ‘தி கொயட் மேன்’. ஜான் வெய்னும் மொரீன் ஓஹாராவும் நடித்தது. 1951 கோடையில் வெளிப்புறக் காட்சிகளை இந்தப் பகுதியில் எடுத்தார்கள். உட்புறக் காட்சிகள் ஹாலிவுட்டில் ரிபப்ளிக் நிறுவனத்தின் தளத்தில். சிறந்த இயக்கம், சிறந்த வண்ண ஒளிப்பதிவு என இரண்டு ஆஸ்கர் கிடைத்தன.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். படத்தில் வரும் இனிஸ்ஃப்ரீ என்ற ஊர் வரைபடத்தில் இருக்கும் எந்த ஒரு ஊரும் இல்லை. கடைத்தெரு காங்கில், ரயில் நிலையம் கிழக்கே கால்வே மாவட்டத்தின் உட்பகுதியில், கதாநாயகன் உட்கார்ந்து பழைய வீட்டைப் பார்க்கும் பாலம் ஊக்டரார்டுக்கு அப்பால், அந்த வீடு மாம் பள்ளத்தாக்கில், குதிரைப் பந்தயம் அட்லாண்டிக் கரையில். இது தெரியாமல் காங்குக்கு மட்டும் வந்து, இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிட்டு, ‘இவ்வளவுதானா?’ என்று திரும்புகிறவர்கள் ஏராளம். குறை ஊரிடம் இல்லை, திட்டமிட்ட விதத்தில்தான்.

கிளம்புவதற்கு முன் படத்தை மறுபடி ஒரு முறை பார்ப்பது நல்லது. பழைய தொலைக்காட்சிப் பிரதிகளில் பச்சை மங்கிக் கிடக்கும்; புதுப்பிக்கப்பட்ட பிரதியாகத் தேடிப் பார்த்து, வேண்டிய இடங்களில் நிறுத்தி, பத்துப் பன்னிரண்டு காட்சிகளைக் கைப்பேசியில் படமாக எடுத்து வைத்துக்கொண்டால், எந்தச் சுவர் எந்தக் காட்சி என்பது நேரில் உடனே பிடிபடும்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஊருக்குள் மட்டும். காலை ஒன்பது மணிக்கு முன் தெருவில் இறங்கிவிட வேண்டும். பத்தரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கும். பிறகு கோஹன் கடை முகப்பைத் தலைகள் மறைக்காமல் படமெடுக்க முடியாது.

அந்த முகப்பு எல்லாரும் தேடும் ஒன்று. படத்தில் ‘பேட் கோஹன்’ மதுக்கடை. உண்மையில் 1951-இல் அது மளிகைக்கடை; படக்குழு பெயர்ப் பலகையை மாட்டி மதுக்கடையாக்கியது. 2008-இல்தான் அது நிஜமாகவே மதுக்கடை ஆனது. உள்ளே போய் ‘அந்த நீண்ட மேடை எங்கே’ என்று தேடுவதில் பயனில்லை. படத்தில் தெரியும் உட்புறம் முழுக்க ஹாலிவுட்டில் போட்ட செட். வெளியே எதிர்ப்பக்கம் நின்று, தெருவின் வளைவும் கூரைகளின் வரிசையும் சட்டகத்துக்குள் வருகிற மாதிரி எடுங்கள். சண்டைக் காட்சியில் கூட்டம் திரளும் இடம் அப்படியே அடையாளம் தெரியும்.

மரணப் படுக்கையில் கிடக்கும் கிழவர், சண்டைச் சத்தம் கேட்டுத் துள்ளி எழுந்து ஓடுவாரே, அவர் வீடும் ஊருக்குள்தான். அந்த வேடத்தில் நடித்தவர் இயக்குநரின் அண்ணன் ஃபிரான்சிஸ் ஃபோர்ட். மதகுருவின் வீடும் நடந்து போகும் தூரம். இரண்டிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தெருவில் நின்று பார்த்தால் போதும், சன்னலுக்குள் எட்டிப் பார்ப்பது அநாகரிகம்.

வெய்ன் ஓஹாராவைக் கையில் ஏந்தி நிற்கும் வெண்கலச் சிலை 2013-இல் வைத்தது. படத்துக்கான அருங்காட்சியகமும் இங்கே உண்டு: கதாநாயகன் பிறந்த ‘ஒயிட் ஓ'மார்ன்’ வீட்டின் மாதிரி, வெள்ளையடித்த சுவரும் வேய்ந்த கூரையுமாக. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், ஏப்ரலுக்கு முன்போ அக்டோபருக்குப் பின்போ வந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நாளை மறுநாள் பார்க்கப்போகும் அசல் வீடு இடிந்த சுவராக இருப்பதால், உள்ளே எப்படி இருந்திருக்கும் என்பதை இங்கேதான் காண முடியும். இங்கே முதலில், அசலுக்குப் பிறகு என்பதே சரியான வரிசை.

மாலையில் மடாலயம். அகஸ்டீனியத் துறவிகளின் 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அயர்லாந்தின் கடைசிப் பேரரசர் ரூரி ஓ'கானர் தம் கடைசிக் காலத்தை இங்கே கழித்து 1198-இல் இறந்தார். படத்துக்காக மட்டும் வருகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பெரிய இழப்பு. வடக்கு வாசலின் கல் செதுக்கு வேலையை அருகில் நின்று பார்க்க வேண்டும்: இலைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக மடிந்திருக்கும். இங்கே பாதுகாக்கப்பட்ட, 1123-இல் செய்த சிலுவை இப்போது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காங்கில் கேட்டுத் தேட வேண்டாம்.

மடாலயத்துக்குப் பின்னால் ஆற்றின் மேல் துறவிகளின் மீன்பிடி வீடு. நாலு சுவர், ஒரு கணப்பு, தரையில் ஒரு துளை. துளையின் அடியில் ஆறு ஓடும். வலையை அதன் வழியே இறக்கி, மீன் சிக்கியதும் சமையலறை மணி அடிக்கும்படி கயிறு கட்டியிருந்தார்கள் என்று சொல்வார்கள். தண்ணீர் அதிகமாக இருக்கும் நாளில் துளை வழியே குனிந்து பார்த்தால் ஓட்டம் நேர் கீழே தெரியும். கல் ஈரமாகவே இருக்கும், வழுக்கும். அதையடுத்த பாலத்தைக் கடந்தால் காட்டுப் பாதை. அது ஆஷ்ஃபோர்ட் தோட்டத்துக்குப் போகிறது.

ஜூன் 11, புதன்

காலையில் ஊருக்கு வடக்கே, நீர் பொங்கும் இடமும் வறண்ட கால்வாயும். மாஸ்க் ஏரிக்கும் காரிப் ஏரிக்கும் நடுவே ஒரு குறுகிய சுண்ணாம்புக்கல் நிலம்; அதன் மேல்தான் காங் உட்கார்ந்திருக்கிறது. மாஸ்க், காரிபைவிடச் சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் பாறைக்குள் புகுந்து, நிலத்தடியில் ஓடி, காங்கில் மேலே வந்து ஆறாகிறது. மழைக்குப் பிறகு சுழித்துக்கொண்டு கிளம்புவதைப் பார்க்கலாம். வறண்ட வாரங்களில் ஏமாற்றமாக இருக்கும்.

இதே பாறைதான் கால்வாயையும் கெடுத்தது. பஞ்சக் காலத்து நிவாரண வேலையாக 1848-இல் இரண்டு ஏரிகளையும் இணைக்க வெட்டத் தொடங்கினார்கள், 1854-இல் கைவிட்டார்கள். சுண்ணாம்புக்கல்லின் பிளவுகளில் தண்ணீர் இறங்கிவிடும் என்பது ஒரு காரணம், ரயில் வந்துகொண்டிருந்தது இன்னொன்று. மதகுச் சுவர்கள் இன்றும் ஒழுங்காகச் செதுக்கிய கல்லில் நிற்கின்றன. பசியோடு வேலை செய்தவர்கள் எழுப்பிய சுவர் அது. படத்தில் இந்த வரலாற்றின் நிழலே கிடையாது. ஊரை அறிய இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

மதியம் ஆஷ்ஃபோர்ட் கோட்டை. தொடக்கம் 1228, 1852-இல் கின்னஸ் குடும்பத்திடம் போய், 1939 முதல் ஓட்டல். படப்பிடிப்பின்போது நடிகர்கள் தங்கியது இங்கேதான். படத்தின் பெயர்கள் ஓடும்போது நீர்ப்பரப்புக்கு அப்பால் தெரிவது இந்தக் கோட்டை. தங்காதவர்கள் தோட்டத்துக்குள் போக வாசலில் கட்டணம் கட்ட வேண்டும், கோட்டைக்குள் விடமாட்டார்கள். வெறுங்காலோடு ஆடு மேய்க்கும் கதாநாயகி மேரி கேட்டைக் கதாநாயகன் முதன்முதலில் பார்ப்பதும் அவள் அண்ணன் டானஹரின் வீடும் தோட்டத்துக்குள் எடுத்தவை. வாசல் அருகே உள்ள சிறு தேவாலயத்தைக் கவனியுங்கள். புனித நீரைக் கையில் ஏந்தித் தரும் காட்சி கத்தோலிக்கக் கோவிலில் நடப்பதாகக் கதை. எடுத்ததோ இந்தப் புராட்டஸ்டண்ட் கோவில் வாசலில். அந்த நீர்த்தொட்டி படக்குழு கொண்டுவந்து வைத்த பொருள், இப்போது இல்லை.

ஜூன் 12, வியாழன்

பாலமும் வீடும். முழு நாள் வேண்டும். பாதை: காங், கிளான்பர், கார்னமோனா, மாம் (இதுவரை ஆர்345), பிறகு ஆர்336-இல் மாம் கிராஸ், அங்கே இடதுபுறம் திரும்பி என்59-இல் ஊக்டரார்ட் நோக்கி.

சில எச்சரிக்கைகள். இந்தப் பகுதி ஐரிஷ் மொழி வட்டாரம். வழிகாட்டிப் பலகைகளில் ஐரிஷ் பெயர் மட்டும்தான் இருக்கும். கிளான்பர், மாம் கிராஸ் என்றெல்லாம் தேடினால் கிடைக்காது, அவற்றின் ஐரிஷ் எழுத்துகளை முந்தின இரவே தாளில் எழுதி வைக்க வேண்டும். பள்ளத்தாக்கில் கைப்பேசி அலை விட்டு விட்டு வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது ஆடுகள். வேலியில்லாத சாலையில் படுத்துக் கிடக்கும். ஒலிப்பானை அடித்தால் குட்டி தாயை நோக்கிக் குறுக்கே பாயும், எனவே அடிக்காமல் ஊர்ந்து போவதே வழி. 2025 பிப்ரவரியிலிருந்து ஊர்ப்புற உள்ளூர்ச் சாலைகளின் பொது வேக வரம்பு 80-இலிருந்து 60 கிலோமீட்டராகக் குறைந்திருக்கிறது. பழைய பயணப் புத்தகங்களின் நேரக் கணக்கை நம்ப வேண்டாம்.

ஒயிட் ஓ'மார்ன் வீடு மாம் ஊருக்கு அருகே, டீர்னகில் பாலத்துப் பக்கம், ஃபெயில்மோர் ஆற்றங்கரையில் இருக்கிறது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கூரை போய்விட்டது, குட்டைச் சுவர்களும் அவற்றைச் சுற்றி முட்செடியும் மிச்சம். ரசிகர்கள் பல வருடங்களாகக் கல்லை நினைவுப் பொருளாக எடுத்துப் போனதும் இதற்கு ஒரு காரணம். தனியார் நிலம். சாலையிலிருந்தே பார்த்துவிட்டு வருவதுதான் முறை. ஒரு சிறு கல்கூட எடுக்கக் கூடாது. இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. படத்தை நேசிக்கிறவர்களின் கையாலேயே படத்தின் வீடு அழிந்திருக்கிறது.

பாலம் ஊக்டரார்டுக்கு மேற்கே சுமார் 8 கிலோமீட்டரில். மாம் கிராஸ் பக்கமிருந்து வந்தால் என்59-இல் வலதுபுறம் சிறிய பலகை. வேகமாகப் போனால் தவறிவிடும். பாலம் சின்னது, கல்லால் கட்டியது, நடுவில் கூனியது. படத்தில் கதாநாயகன் இதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, தாயின் குரலைக் கேட்டபடி தான் பிறந்த வீட்டைப் பார்க்கிறான். நேரில் அங்கே உட்கார்ந்தால் வீடு தெரியாது, தெரியவும் முடியாது. நடுவே மலையும் நீண்ட சாலையும் இருக்கின்றன. பார்க்கும் கண்ணை ஓரிடத்திலும் பார்க்கப்படும் வீட்டை இன்னோரிடத்திலும் எடுத்து ஒட்டியிருக்கிறார் ஃபோர்ட். காலையில் வீடு, மதியத்துக்குப் பின் பாலம் என்று ஒரே நாளில் பார்த்தால்தான் அந்த ஒட்டு வேலையின் நேர்த்தி விளங்கும். ஃபோர்டின் தந்தை பிறந்த ஸ்பிடல் இங்கிருந்து தெற்கே, கடற்கரையில். இந்த நிலத்தை அவர் வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்தவர்.

வெளிச்சம் பற்றி: மூவண்ண டெக்னிகலர் கேமரா உள்ளே வரும் ஒளியை மூன்று படச்சுருள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், ஆகவே சாதாரணப் படத்தைவிட மிக அதிக ஒளி கேட்கும். மேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் இந்த ஊரில் ஒளிப்பதிவாளர் வின்டன் ஹோக் பட்ட பாடு, பாலத்தின் மேல் அரை மணி நேரம் நின்றால் புரியும். படத்தில் உள்ள பச்சை வேண்டுமானால் மழை விட்டதும் வரும் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஜூனில் இருட்ட இரவு பத்தாகும், எனவே காத்திருக்க நேரம் உண்டு. ஆனால் காற்று நின்ற மாலைகளில் பொடிக்கொசு மொய்க்கும். முழுக்கைச் சட்டையும் களிம்பும் கட்டாயம். குடை இந்தக் காற்றுக்கு நிற்காது, மழைச்சட்டைதான். சிறிய ஊர்களில் ஒன்பது மணியோடு சமையலறை மூடிவிடும். வெளிச்சத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் சாப்பாடு போய்விடும்.

ஜூன் 13, வெள்ளி

லெட்டர்கெஷ் கடற்கரை. லீனான் வழியாக மேற்கே. குதிரைப் பந்தயம் எடுத்த மணல். அலை வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். ஏற்றத்தில் மணல் ஒடுங்கி, காட்சியை அடையாளம் காண முடியாது. வடக்கே நிமிர்ந்து நிற்கும் மலை ம்வீல்ரே. கார் நிறுத்த இடம் சின்னது.

ஜூன் 14, சனி

பாலிக்ளூனின் ரயில் நிலையம், படத்தில் காசில்டவுன். டுவாமுக்குத் தெற்கே. 1860-இல் திறந்த பாதை. பயணிகள் ரயில் 1976-இல் நின்றுபோனது. எனவே ரயிலில் வந்து இறங்கும் ஆசை நிறைவேறாது, காரில்தான். நிலையக் கட்டடத்தின் கூரை புயலில் சேதமாகி, உள்ளூர்த் தன்னார்வலர்கள் பணம் திரட்டிச் சரிசெய்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் நன்கொடை கொடுத்துவிட்டு வரலாம். ஒயிட் ஓ'மார்னுக்கு நேர்ந்தது இதற்கு நேராமல் தடுத்தவர்கள் அவர்கள்.

நடைமேடையின் ஓரத்தில் நின்றால், இனிஸ்ஃப்ரீக்கு வழி கேட்கும் வெய்னைச் சுற்றி ஆளுக்கொரு வழி சொல்லிக் குழப்பும் காட்சியைக் கட்டமைத்த விதம் தெரியும். கேமராவுக்கு இருந்த இடம் மிகக் குறைவு. அதனால்தான் அத்தனை பேரும் சட்டகத்துக்குள் நெருங்கி நிற்கிறார்கள். படத்தின் வரிசைப்படி போக விரும்பினால் இங்கிருந்து தொடங்கி, பாலம், வீடு, காங் என்று வர வேண்டும். டப்ளினிலிருந்து எம்6-இல் வருகிறவர்களுக்கு அதுவே வசதியும்கூட. ஏதென்ரியில் இறங்கி வடக்கே திரும்பினால், கால்வே நெரிசலில் மாட்டாமல் நேராக இந்த நடைமேடைக்கு வந்துவிடலாம்.