கூலியாக வராத நீதி

சம்பளப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு குணம் ஒட்டிக்கொள்ளும். எதைப் பார்த்தாலும் வரவு, பற்று என்றே யோசிப்பான். வந்த நாள், வராத நாள், பிடித்தம், ஓவர்டைம் எல்லாம் கூட்டிக் கழித்துத்தான் கைக்கு ஒரு தொகை வருகிறது. அதற்காக யாரும் எங்களுக்கு நன்றி சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பைபிளில், ரோமாபுரி சபைக்கு எழுதிய கடிதத்தில் (ரோமர் 4-ஆம் அதிகாரம்) அப்போஸ்தலன் பவுலும் அதையே சொல்கிறார்: வேலை செய்தவனுக்குக் கொடுக்கும் கூலி கிருபை அல்ல, அதாவது இலவசமாகத் தரும் தயவு அல்ல; கொடுத்தே தீரவேண்டிய கடன். அடுத்த வசனம்தான் எங்கள் பிரிவில் எவரும் கையெழுத்துப் போடத் துணியாதது. கிரியை, அதாவது வேலை, எதுவும் செய்யாமல், பாவியை நீதிமானாக்குகிறவரை விசுவாசிப்பவனுக்கு, அந்த விசுவாசமே நீதியாக எண்ணப்படுமாம்.

மனசாட்சி உள்ள ஆளுக்கு இது எவ்வளவு கசக்கும் என்பதை, எங்கள் பிரிவில் இருந்த ஒரு தம்பியிடம்தான் பார்த்தேன். ஒரு பில்லில் அவன் தொகையைத் தவறாக ஏற்றிவிட்டான். பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் சந்தேகம் பக்கத்து மேசைக்காரர் மேல் விழுந்தபோது இவன் வாயைத் திறக்கவில்லை. பிறகு தானாகவே போய் ஒப்புக்கொண்டான், மன்னிப்பும் கேட்டான். அவரும் 'விடுப்பா' என்று விட்டுவிட்டார். மெமோ ஒன்று வந்தது, அத்தோடு விஷயம் முடிந்தது.

அவனுக்குத்தான் முடியவில்லை. எல்லோருக்கும் முன்னால் வருவான், கடைசியாகப் போவான். அடுத்தவர் கோப்புகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வான். சபையில் இயேசுவின் மரணத்தை நினைத்து அப்பமும் ரசமும் எடுக்கும் திருவிருந்து நாளில், எடுக்கப் போகாமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடுவான். கேட்டதற்கு, "இன்னும் கொஞ்சம் சரியாகட்டும் அண்ணா, அப்புறம் எடுக்கிறேன்" என்றான்.

"எவ்வளவு ஆனால் சரியாகும்? தொகையைச் சொல்லு, நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்."

அவனிடம் தொகை இல்லை. குற்ற உணர்வின் கொடுமையே அதுதான். தவணை கேட்டுக்கொண்டே இருக்கும், மொத்தம் எவ்வளவு என்று மட்டும் சொல்லாது. 1505-இல் மடத்தில் துறவியாகச் சேர்ந்து, பின்னாளில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்துவிட்டு, எதையோ விட்டுவிட்டோமே என்று மறுபடியும் தவித்தவர். தேவநீதி என்பது நம்மிடம் வசூலிக்கப்படுவது அல்ல, நமக்குக் கொடுக்கப்படுவது என்று ரோமர் 1:17-இல் கண்டபோது பரலோக வாசலே திறந்ததுபோல் இருந்ததாக 1545-இல் எழுதினார்.

கொடுக்கப்படுவது என்றால் மலிவானது என்று அர்த்தமில்லை. வாராக்கடனைத் தள்ளுபடி செய்தால் அந்தத் தொகை காற்றில் கரைந்துவிடாது. கடன் கொடுத்தவரின் நஷ்டத்தில் போய் ஏறும். சிலுவையைப் பற்றி நான் யோசிப்பதும் இப்படித்தான். பாவம் அறியாத இயேசுவைத் தேவன் நமக்காகப் பாவமாக்கினார் என்கிறது 2 கொரிந்தியர் 5:21. ஓடிப்போன அடிமை ஒநேசிமுவுக்காக அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதும்போது, அவன் பட்ட கடனை என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்று பவுலும் அதே பாணியில்தான் கேட்கிறார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'கர்த்தர் மன்னித்துவிட்டார்' என்று சொல்லிக்கொண்டு, வாங்கியதைத் திருப்பித் தராமல் திரிபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்றான். ஆனால் எப்போது சொன்னான்? இயேசு அவனைப் பெயர் சொல்லி அழைத்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்ற பிறகு. பாக்கியைக் கட்டி, ரசீதைக் காட்டியபின் அவர் உள்ளே வரவில்லை. தம்பி பக்கத்து மேசைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டது சரி, கேட்டே ஆகவேண்டியதுதான். தேவனுடைய தயவை வாங்க அதை முன்பணமாக நினைத்ததுதான் கோளாறு.

இதையெல்லாம் ஒரே மூச்சில் அவனிடம் சொல்லவில்லை, வேலைக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் பேசினோம். ஒருநாள் கொஞ்சம் கோபமாகவே கேட்டான்: "அப்ப இத்தனை நாள் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து செய்ததெல்லாம் வீணா அண்ணா?"

"வீணாக எதற்குப் போகிறது? ஓவர்டைம் படிவத்தை நிரப்பிக் கொடு. இந்த மாதச் சம்பளத்திலேயே சேர்த்துவிடுகிறேன்."